ஒலியின் சுமைகூலி

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரமாக இருக்கிறது ஏரியூர். ஒன்றியத் தலைமையிடம் என்பதால் கடைத்தெருவும் பேருந்தும் உண்டு. ஆனால் அந்த வட்டாரத்துக்குத் தண்ணீர்தான் எல்லை. நாகமரையிலிருந்து எதிர்க்கரைப் பண்ணவாடிக்கும், ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் பரிசலிலும் படகிலும் போய்வருவது வெகுகாலப் பழக்கம். சாலை வழியே போனால் அணையைச் சுற்ற வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சத்தம் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்தால், ஒலிபெருக்கியின் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. பொதுவாக அதை ஒலித்தரம் வளர்ந்த கதையாகச் சொல்வார்கள்: குழாயில் கரகரத்த பாட்டு பெட்டிக்கு வந்து, பெட்டியில் பேஸ் வந்து, கடைசியில் கையடக்கமான பெட்டியிலேயே எல்லாம் வந்துவிட்டது என்று. என் கணிப்பில் காதின் விருப்பத்துக்கு இந்தக் கதையில் இரண்டாம் இடம்தான். மின்சாரம் எவ்வளவு கிடைத்தது, பெட்டியை எதில் ஏற்றினார்கள் என்கிற இரண்டு கணக்குகள்தான் ஒவ்வொரு காலத்திலும் ஒலிபெருக்கிக்கு உருவம் கொடுத்தன. பேஸ் கிட்டாருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் சேர்த்து ஒரே கையில் தூக்கக்கூடிய பெட்டி ஒன்று வேண்டும் என்று இன்று தேடுகிறவரும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார், தெரிந்தோ தெரியாமலோ.

மின்சாரத்துக்கு முந்தைய மேடையிலிருந்து தொடங்கினால் கணக்கு தெளிவாகும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே அளவு சத்தம் எழுப்ப நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும் என்பது இயற்பியல். அதனால் தாழ்ந்த ஒலிக்குப் பெரிய உடம்பு வேண்டும். உயர்ந்த ஒலிக்குச் சின்ன உடம்பே போதும். போதாக்குறைக்கு, நம் காதும் இரண்டாயிரம் ஹெர்ட்ஸிலிருந்து ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கூர்ந்து கேட்கும். சேலம், தருமபுரி வட்டாரத்துத் தெருக்கூத்தில் முகவீணை பெற்ற இடத்தை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நாதசுரத்தின் தம்பி போன்ற அந்தச் சிறு கருவி தோள்பைக்குள் அடங்கிவிடும். ராத்திரி வெளியில் ஊரின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். நாடக மேடையிலும் இதே நிலைமைதான். 1933-இல் இளம் வயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவர் காலத்து நடிகர்களும் உச்ச சுருதியில் பாடியதை வெறும் வித்தைக்காட்டலாகக் கொள்ள முடியாது. மைக் இல்லாத கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் கேட்க வேண்டுமே. கூத்துக் குழுவிலும் தாழ்ந்த ஒலியைத் தோல் கருவிகள் பார்த்துக்கொண்டன. தூக்கிப் போகிற அளவுக்கு எவ்வளவு பெரிய உடம்பு சாத்தியமோ அவ்வளவு பெரிய மிருதங்கம், அவ்வளவு பெரிய பம்பை. அதற்கும் கீழே ஒலி வேண்டும் என்று கேட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. கேட்டாலும் சுமக்க ஆள் கிடைத்திருக்காது.

குழாய் ஸ்பீக்கர் வந்தபோது இந்த ஏற்பாட்டை அது மாற்றவில்லை, நீட்டித்தது. ஜென்சனும் பிரிதமும் 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்குப் பேச்சைக் கேட்கவைத்தது குழாய் வழியாகத்தான். குழாய் இல்லாமல் கோன் மட்டும் ஒலிக்கும் ஸ்பீக்கரை ரைஸும் கெல்லாக்கும் செய்து காட்டியது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1925-இல். குழாய் முந்திக்கொண்டதற்குக் காரணம் சிக்கனம். அடக்கிச் சொன்னாலும், கொடுத்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குழாய் ஒலியாக மாற்றிவிடும். பெட்டிக்குள் வைத்த கோன் ஸ்பீக்கரில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ தேறினால் பெரிய காரியம்; மீதியெல்லாம் கம்பிச்சுருளில் சூடாகிப் போகும். இந்தியாவில் சிகாகோ ரேடியோ என்ற பெயரில் மோட்வானே குடும்பத்தார் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டியபோதும், 1940-இல் தில்லியில் தொடங்கிய அகுஜா பின்னாளில் ஊர் ஊராகப் பரவியபோதும், எதிரே இருந்த நிலைமை ஒன்றுதான்: வெட்டவெளி, பெருங்கூட்டம், கையில் கொஞ்சமே வாட்ஸ். அகுஜா ஆம்ப்ளிஃபயர்கள் வீட்டு மின்சாரத்திலும் ஓடும், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலும் ஓடும். மின்கம்பம் எட்டாத ஊருக்கு இது ஒன்றே போதும் என்கிற வசதி.

அந்தக் காலத்து மைக் செட்டைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பாகத்திலும் சுமப்பவன் நினைவில் வைக்கப்பட்டிருப்பது தெரியும். நேராக நீட்டினால் ஆள் நீளம் வரக்கூடிய குழாயை உள்ளுக்குள் மடித்து, வெளியே அலுமினிய வாய் மட்டும் விரிந்திருக்கும்படி செய்திருப்பார்கள். காந்தமும் டயாபிரமும் அடங்கிய யூனிட் பின்னால் மரை போட்டுத் திருகிக்கொள்ளும். கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொள்ளலாம். குழாயைக் கயிறு கட்டித் தோளில் மாட்டலாம், சைக்கிள் கேரியரில் கவிழ்த்துக் கட்டலாம், பனைமரத்தில் ஏற்றலாம். ஒயரும் அப்படித்தான். நூறு வோல்ட் லைன் என்ற முறையில் மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்பி, குழாயருகே சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கிக்கொண்டதால், மெல்லிய ஒயரிலேயே தெருக்கோடி வரை சத்தம் போய்விடும். கனமான செம்புக் கம்பியைச் சுமக்கத் தேவையில்லை. அந்தத் தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்: எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அது ஒளிக்கவில்லை. முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் குழாய்கள் கிட்டத்தட்ட ஊமை. பேச்சு புரிவதற்கு அதற்கு மேலே இருக்கிற ஒலி போதும். அரசியல் மேடைக்கும், ஊராட்சி அலுவலகத்தில் மாலைச் செய்தி ஒலித்த வானொலிக்கும் அது போதுமாக இருந்தது.

மின்சாரம் வந்ததும் குழாய் போய்விட்டதா என்றால், இல்லை. ஏரியூரின் நிலைமை இங்கே ஒரு நல்ல சான்று. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல். அணையடி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1937-இல். தேங்கிய தண்ணீர் ஏரியூர்ப் பக்கத்து நிலங்களில் நின்றது. அந்தத் தண்ணீரிலிருந்து பிறந்த மின்சாரம் முதலில் ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போனது. கிராமங்களுக்குக் கம்பி இழுத்தது பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிறகுதான். இழுத்த பிறகும், கோயில் வாசலில் கொக்கி மாட்டி எடுக்கும் மின்சாரத்தில் விளக்குகள் போக மிச்சம் என்னவோ அதுதான் மைக் செட்டுக்கு. ஆகையால் கம்பி வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் குழாயே ஆண்டது. கூத்துமேடையில் பந்தல் குறுக்குக் கழியிலிருந்து ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழே வந்து நின்று பாடுவது வழக்கமானது. மைக் வந்தும் பாட்டுக்காரர்கள் சுருதியைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குழாய்க்கும் உயர்ந்த ஒலிதான் பிடிக்கும்.

இந்த ஏற்பாட்டில் விரிசல் விழுந்தது எங்கே என்று தேடினால் கிட்டாருக்கு வந்து சேர்கிறோம். 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு திரைக்கு வந்த இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு நிற்காமல், தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு நடக்கும். அந்தப் பாட்டுகளை வெறித்தனமாகக் கேட்ட கிராமங்கள் அவற்றைக் கேட்டது எதில்? கல்யாண வீட்டுக் குழாயில். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். இருபது கட்டை உள்ள கழுத்தில் மேல்கம்பியின் கடைசிச் சுரம் சுமார் 311 ஹெர்ட்ஸ். அதாவது அந்த வாத்தியத்தின் அடிப்படைச் சுரங்கள் அத்தனையும் ஏறக்குறைய முழுதாகக் குழாயின் ஊமைப் பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. குழாய் வெளியே விட்டது மேற்சுரங்களின் மிச்சத்தையும் கம்பியை விரல் தெறிக்கும் ஓசையையும்தான். அடிச்சுரம் காணாமல் போனாலும் மேற்சுரங்களின் இடைவெளியை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஊகிப்பதற்கான சாமான்களையும் குழாய் அரைகுறையாகத்தான் கொடுத்தது. ஒரு தலைமுறை அந்தப் பாட்டுகளின் பாதியைக் கேட்காமலேயே காதலித்திருக்கிறது. கேசட்டும் டூ-இன்-ஒன்னும் வீட்டுக்கு வந்த பிறகுதான் மறுபாதி தெரிந்தது; அதன் பிறகு திருவிழாவிலும் அதைக் கேட்க ஆசை வந்தது.

ஆசைக்கு விலை என்ன என்பதை அதற்கு வெகுகாலம் முன்பே ஒருவர் கணக்கிட்டுவிட்டார். 1957-இல் அமெரிக்காவில் தொடங்கிய கே.எல்.எச். ஒலிபெட்டி நிறுவனத்தின் மூன்றாவது எழுத்துக்குரிய ஆண்டன் ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், ஆழமான பேஸ் வர வேண்டும், கொஞ்ச மின்சாரத்தில் உரக்கக் கேட்க வேண்டும் என்ற மூன்றில் இரண்டைத்தான் கேட்கலாம். கணக்காகச் சொன்னால், ஸ்பீக்கரின் திறன் பெட்டியின் கொள்ளளவுக்கும், அது இறங்கக்கூடிய எல்லை அதிர்வெண்ணின் மும்மடிக்கும் நேர்விகிதம். கிட்டாருக்குப் பொருத்திப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். அக்கூஸ்டிக் கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாருக்கு அதில் சரிபாதி. ஒரே ஒரு ஸ்தாயிதான். ஆனால் திறன் குறையாமல் அந்த ஒரு ஸ்தாயி இறங்க, பெட்டி எட்டு மடங்கு பெருக்க வேண்டும். கிட்டாருக்கு இருபது லிட்டர் பெட்டி போதுமென்றால் பேஸுக்கு நூற்றறுபது லிட்டர், அதாவது ஒரு சிறிய பிரிட்ஜ். இல்லை, அதே இருபது லிட்டருக்குள்தான் வேண்டும் என்றால் திறன் எட்டில் ஒன்றாகக் குறையும். ஐம்பது வாட்ஸில் நடந்த வேலைக்கு நானூறு வாட்ஸ் கேட்கும். எட்கர் வில்ச்சரும் ஹென்றி கிளாஸும் 1954-இல் கொண்டுவந்த ஏ.ஆர்-1 பெட்டி இந்த இரண்டாவது வழியில் போனது. காற்றுப்புகாத சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், திறன் மட்டம். வீட்டுக்குள் வைத்துக் கேட்பவருக்கு அது பரவாயில்லை. ஏரியூர் மைதானத்தில் வைத்தால் முதல் வரிசை தாண்டியிருக்காது.

மேடைக்காரர்கள் வேறு வழி போனார்கள். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்காக லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொடுத்தார். வாத்தியம் தோளுக்கு வந்தது. சுமை ஒலிபெட்டிக்கு இடம் மாறியது. ஆம்பெக் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த போர்ட்டாஃப்ளெக்ஸ் பி-15 பெட்டியில், வேலை முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே பூட்டிக்கொள்ளலாம்; இருபத்தைந்து வாட்ஸ், பதினைந்து அங்குல ஸ்பீக்கர். கிளப்பிலும் ஸ்டுடியோவிலும் வாசிப்பவர் தள்ளிக்கொண்டு போகிற அளவு. அதே நிறுவனம் ஒன்பதே ஆண்டில், 1969-இல், முந்நூறு வாட்ஸ் எஸ்.வி.டி.யை வெளியிட்டது, அதற்கான பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. ஒன்பது ஆண்டில் காது அவ்வளவு மாறிவிடாது. மாறியது லாரி. பெரிய அரங்குகளுக்குப் போகும் குழுக்களுக்குச் சரக்கு வண்டியும், ஏற்றி இறக்கச் சம்பள ஆட்களும் கிடைத்துவிட்டார்கள். சுமப்பது வேறொருவர் என்று ஆனதுமே பெட்டி பெருத்தது.

நம் பக்கத்திலும் இதே வரிசைதான், தாமதமாக. ஒரு தற்செயல் பொருத்தம்: மைக் செட்காரர்களின் வாகனமாகிப்போன டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் வெளிவந்தது ஓசூரில். ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்துக்குள் இருந்த ஊர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். கால் வைக்கும் இடத்தில் ஆம்ப்ளிஃபயர், பின்னால் குழாயும் பேட்டரியும் என்று ஒரு மொபெட்டில் ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய சத்தத்தை ஏற்றலாம். பிளைவுட் பெட்டி அதில் ஏறாது. அதனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெட்டி ஸ்பீக்கர்கள் வேன் வைத்திருந்த நகரத்து இன்னிசைக் குழுக்களோடுதான் வந்து போயின. உள்ளூர் சவுண்ட் சர்வீஸ்காரர் குழாயை விடவில்லை. 2005-இல் டாடா ஏஸ் வந்தது, ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கியது, சந்து பொந்தெல்லாம் நுழைந்தது. ஒரு ஆள் சொந்தமாக வாங்கி ஓட்டக்கூடிய சரக்கு வண்டி கிடைத்ததும், ஒரு ஆள் தூக்க முடியாத பெட்டிகளை உள்ளூரிலேயே அடித்து அடுக்கத் தொடங்கினார்கள். இன்று திருவிழாவில் சுவர்போல் நிற்கும் பேஸ் பெட்டிகளின் பிறப்பை நான் அந்த வண்டியின் தளத்தில்தான் தேடுவேன்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். குழாயை ஒழித்தது சட்டமல்லவா? ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதை உறுதிசெய்தது. தமிழகத்தில் காவல்துறை அனுமதிச் சீட்டிலேயே கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டுமே என்று எழுதித் தருகிறார்கள். எல்லாம் உண்மை. சட்டம் குழாயின் சாவைத் துரிதப்படுத்தியது. பெட்டியைப் பெரிதாக்கியதும் சட்டமா என்றால், அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. சட்டம் சத்தத்தைக் குறைக்கத்தான் சொன்னது. பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலையோ, சுற்றுப்புறத்துக்கான அளவைவிடப் பத்து டெசிபல் கூடுதலையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பது விதி. இங்கே ஒரு நுணுக்கம் பலர் கண்ணில் படாமல் போகிறது. இந்த அளவுகள் ஏ எடையிட்ட டெசிபலில் அளக்கப்படுகின்றன. காதின் கூர்மையைப் பின்பற்றும் அந்த அளவுமுறை நாற்பது ஹெர்ட்ஸ் ஒலியைக் கிட்டத்தட்ட முப்பத்தைந்து டெசிபல் குறைத்தே கணக்கில் சேர்க்கும். குழாயின் கீச்சொலியை மீட்டர் முழுதாகப் பிடிக்கும். ஓட்டுக்கூரையை அதிரவைக்கும் பேஸை முக்கால்வாசி மன்னித்துவிடும். தொந்தரவு உயர்ந்த ஒலியிலிருந்து தாழ்ந்த ஒலிக்கு இடம் மாறியதற்கு விதியின் இந்த ஓட்டையும் உதவியது. ஆனால் ஓட்டை வழியே நுழைய முதலில் வண்டி வேண்டியிருந்தது. விதியின் முழு அடியும் விழுந்தது விடிய விடிய ஆடும் கூத்தின்மேல். ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை மாநில அரசு தரக்கூடிய தளர்வும் நள்ளிரவோடு முடிந்துவிடும். கூத்தில் கதை சூடுபிடிப்பதே அதற்குப் பிறகுதான்.

இன்னொரு மறுப்பு ரசனை பற்றியது. மக்களுக்குப் பேஸ் பிடித்துப்போனது, அதனால் பெட்டி வந்தது. இதில் வண்டிக்கும் வாட்ஸுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். பேஸ் நம்மவர்களுக்குப் புதிதாகப் பிடித்துப்போன சரக்கு என்பதை நான் ஏற்கவில்லை. பம்பையும் தவிலின் தொப்பியும் பறையும் வயிற்றில் வந்து மோதுவதற்காகவே அடிக்கப்பட்டவை. அந்த விருப்பம் குழாய்க்கு முன்னாலும் இருந்தது, குழாய்க் காலத்திலும் இருந்தது. அதனால்தான் குழாயில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சாமி புறப்பாட்டுக்குத் தோல் கருவிகளை நேரில் வரவழைத்தார்கள். விருப்பம் மாறாமல் நிற்க, கருவியின் உருவம் மாறிக்கொண்டே போனது என்றால், மாற்றத்தின் காரணத்தை விருப்பத்தில் தேடிப் பயனில்லை.

இனி கடைசிக் கட்டம்: சின்னப் பெட்டி. இதற்கு வழி திறந்தவை மூன்று. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும் ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகளால், எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளத் துளை என்பது தச்சரின் கைப்பழக்கத்திலிருந்து காகிதக் கணக்குக்கு வந்தது. நியோடிமியக் காந்தத்தை எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவாவும் அமெரிக்காவில் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கருப்பு ஃபெரைட் காந்தம் செய்த வேலையை அதில் ஒரு சிறு பங்கு எடையில் செய்துவிடும். மூன்றாவது கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர். பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கிய மின்சாரத்தில் பாதியைச் சூடாக்கி விடும், அதை ஆற்ற அலுமினியத் துடுப்புகள் வேண்டும், உள்ளே கிலோக்கணக்கில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். கிளாஸ் டியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஸ்பீக்கருக்குப் போய்விடும். சுவிட்சிங் சப்ளை வந்ததால் இரும்பும் போயிற்று. ஐந்நூறு வாட்ஸ் ஒரு நோட்டுப்புத்தக அளவுப் பெட்டிக்குள் வந்தது. ஹாஃப்மன் விதியை யாரும் மீறவில்லை என்பதை மறக்கக் கூடாது. இப்போதும் மூன்றில் இரண்டுதான். வாட்ஸ் மலிந்துவிட்டதால், திறனை விட்டுக்கொடுப்பது வலிக்காமல் போய்விட்டது. குழாயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். ஒரு வாட்டுக்கு 108 டெசிபல் தரும் குழாயில் பத்து வாட்ஸ் கொடுத்தால் 118. ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தரும் சின்னப் பெட்டியில் அதே 118 வேண்டுமென்றால் அறுநூறு வாட்ஸுக்கு மேல் ஊற்ற வேண்டும். ஒரு ஆள் சுமை, மொபெட்டில் ஏறும் என்ற பழைய ஒப்பந்தம் திரும்பி வந்திருக்கிறது. முன்பு பேஸைக் கொடுத்துப் பெற்றதை இப்போது வாட்ஸைக் கொடுத்துப் பெறுகிறோம்.

பேஸுக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் ஒரே பெட்டி பொருந்துவது எப்படி என்ற சந்தேகமும் இங்கேயே தீரும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கான பெட்டி, ஒலியைத் திரித்துக் காட்டுவதற்காகவே இருப்பது. ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடும். அக்கூஸ்டிக் கிட்டாரின் பியசோ பிக்கப்புக்கும் இன்றைய பேஸ் வாசிப்புக்கும் வேண்டியது திரிபில்லாத அகன்ற ஒலி, மேலே ஒரு டுவீட்டர். ஆகவே ஒரு பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் டுவீட்டரும் கொண்ட, பதினைந்து கிலோவுக்குள் அடங்கும் பெட்டி இரண்டுக்கும் ஆகும். முரண்படும் இடம் ஒன்றே: கிட்டாரின் கூடு நூறு ஹெர்ட்ஸ் அருகே தானே அதிரக்கூடியது. பேஸுக்காக அடியைத் தூக்கி வைத்த பெட்டியின் பக்கத்தில் கிட்டாரோடு உட்கார்ந்தால் ஊளையிடும். கிட்டாரைச் செருகும் வாய்க்கு மட்டும் அடியொலியை வெட்டும் வசதி ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏரியூர் போன்ற இடத்துக்கு அதைவிட முக்கியமானது வெட்டவெளி. விளம்பரத்தில் போடும் அடி அதிர்வெண் எண்கள் தரையும் சுவரும் கொடுக்கும் உதவியைச் சேர்த்துச் சொன்னவையாக இருக்கலாம். பெட்டியை ஸ்டாண்டில் ஏற்றித் திறந்த மைதானத்தில் நிறுத்தினால் அந்த உதவி கழன்றுவிடும். தரையில் வைத்து, முதுகைக் கோயில் மதிலுக்கோ பள்ளிக்கூடச் சுவருக்கோ நெருக்கினால், காசில்லாமல் மூன்று முதல் ஆறு டெசிபல் வரை அடியொலி கூடும். வாட்ஸ் கணக்கில் அது இரண்டு முதல் நான்கு மடங்கு. ஐந்து அங்குலக் கோன்களைப் பலவாக அடுக்கும் பில் ஜோன்ஸின் பேஸ் பெட்டிகளைப் பார்த்துப் பலர் சிரிப்பதுண்டு. நான்கு ஐந்தங்குலக் கோன்களின் பரப்பு ஒரு பத்தங்குலக் கோனுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதால் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் நான்குக்கும் சேர்த்து உள்ளே எத்தனை லிட்டர் காற்று என்ற கேள்வி அங்கேயும் நிற்கும். ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் எட்டு ஓம் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, தேவைப்படும்போது அதே மாதிரி இன்னொன்றைச் சேர்ப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. இரண்டும் சேர்ந்து நான்கு ஓம் ஆகும், ஆம்ப்ளிஃபயரின் முழு வாட்ஸும் வெளியே வரும், இரண்டு கைக்கும் சமச் சுமை.

இந்தக் கணக்கில் நான் இதுவரை சேர்க்காத ஒரு செலவு உண்டு. சின்னப் பெட்டியை எதிர்ப்பவர்கள் சொல்லும் வலுவான வாதமும் அதுதான். குழாய் யூனிட்டில் டயாபிரம் போனால் மைக் செட்காரரே நான்கு திருகைக் கழற்றிப் புதிதை வைத்துவிடுவார். பழைய ஆம்ப்ளிஃபயரில் 2என்3055 என்ற டிரான்சிஸ்டர் எரிந்தால், ரேடியோ மெக்கானிக் யாராயிருந்தாலும் மாற்றத் தெரியும், எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். கிளாஸ் டி பலகையில் கடுகளவு பாகங்கள். போனால் பலகையோடு மாற்ற வேண்டும், அந்தப் பலகைக்குக் கூரியர் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நியோடிமிய விலையும் நம் கையில் இல்லை. 2010, 2011-இல் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோது அது பல மடங்கு ஏறியதை உலகமே பார்த்தது. இந்த வாதத்தை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை, அதன் எல்லையை மட்டும் குறிக்கலாம். ஆண்டு முழுக்க வாடகைக்கு விடுகிறவருக்கு ஒரு நாள் பழுது என்பது ஒரு முகூர்த்த நாள் வருமானம்; அவர் குட்டி யானையில் ஃபெரைட் பெட்டிகளையே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மாதம் இரண்டு மூன்று முறை தேவாலயத்திலோ பள்ளி விழாவிலோ இன்னிசைக் குழுவிலோ வாசித்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் வீடு திரும்புகிறவருக்குக் கணக்கு மாறுகிறது. அவர் ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்த காம்போவாக வாங்காமல் தனித்தனியாக வாங்கினால், பலகை போனாலும் பெட்டி மிஞ்சும். அன்றைக்கு மட்டும் சவுண்ட் சர்வீஸ்காரரின் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அதில் மாட்டி வாசித்துக்கொள்ளலாம்.